அட்டையில் பேசுவது யார்?

இங்கிலாந்தில் ஏ-லெவல் மீடியா ஸ்டடீஸ் மாணவர்கள் பேய்ப்பட டிரெய்லர் எடுத்து, கூடவே போஸ்டரும் சினிமா பத்திரிகை அட்டையும் செய்ததுண்டு. பல அட்டைகளில் ஒரே கோளாறு: போஸ்டரையே வைத்து, மேலே பத்திரிகைப் பெயரை ஒட்டிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரிலும் ரத்தம் சொட்டுது!

போஸ்டர் படத்தின் குரல். அட்டை பத்திரிகையின் குரல். 1989-இல் தொடங்கிய ‘எம்பயர்’ அட்டைகளைப் பாருங்க. விலை, பார்கோடு, வேறு படங்களைப் பற்றிய வரிகள் எல்லாம் இருக்கும். அந்தச் சாதாரணத்தனம்தான் நம்மை நம்பவைக்குது.

‘ஹாலோவீன்’ (1978) போஸ்டரில் கொலைகாரன் முகமே கிடையாது. பூசணிக்காயும் கத்தி பிடித்த கையும்தான். போஸ்டர் மறைக்கலாம். அட்டைக்கோ, கடையில் நிற்பவரை நேராகப் பார்க்க ஒரு முகம் வேணும். அதுக்காகப் பேயைக் காட்டிடாதீங்க. அதனிடம் மாட்டப்போகிற பெண்ணை நிறுத்துங்க. எதைக் கண்ட பயம் அது என்பதை டிரெய்லர் சொல்லட்டும்.