ஓஃபே என்ற ஓவியர்

படத்தின் மூலையில் 'ஓஃபே' என்று கையெழுத்து. வரைந்தவர் ரிச்சர்ட் ஃபெயின்மன். 1965-இல் ஷ்விங்கர், டொமொனாகா இருவரோடு இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர். இயற்பியல் பேராசிரியருக்குப் படம்கூட வருகிறதே என்று வியந்து யாரும் வாங்கிவிடக் கூடாது, பிடித்தால் மட்டும் வாங்கட்டும் என்றுதான் ஒரு பிரெஞ்சுத் தொடரைத் திரித்து இந்தப் புனைபெயர் வைத்துக்கொண்டார். அமெரிக்கக் கறுப்பர்கள் வெள்ளைக்காரனைக் குறிக்கப் பயன்படுத்தும் கொச்சைச் சொல்லும் அதுவே என்று பின்னால் தெரியவந்தது. நானும் வெள்ளைக்காரன்தானே என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

நாற்பது வயதைத் தாண்டியபின்தான் பென்சிலைப் பிடித்தார். கலிபோர்னியாவின் அல்டடீனாவில் ஜிராயர் ஜோர்தியன் என்ற ஆர்மீனிய ஓவியர் இருந்தார். கலைஞனுக்கு அறிவியல் தெரியவில்லை, விஞ்ஞானிக்குக் கலை தெரியவில்லை என்று இருவருக்கும் ஓயாத வாக்குவாதம். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: ஒரு ஞாயிறு ஃபெயின்மன் இயற்பியல் சொல்லிக்கொடுப்பது, அடுத்த ஞாயிறு ஜோர்தியன் ஓவியம். ஜோர்தியனுக்கு இயற்பியல் ஏறவில்லை. ஃபெயின்மன் ஓவியத்தை விடவில்லை. இத்தனை விதமாகத் தோன்றும் உலகம் உள்ளுக்குள் ஒரே விதிகளில் ஓடுகிறது என்று உணரும்போது எழுகிற பிரமிப்பைப் படத்தில் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அதை இன்னொருவருக்குப் புரியவைத்து வரையச் சொல்வதைவிடத் தானே கற்றுக்கொள்வது மேல் என்று முடிவு செய்தார்.

ஓவிய வகுப்பில் அவரைக் குழப்பியது ஆசிரியர்களின் தயக்கம். 'கோடு கனமாக இருக்கிறது' என்று நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். கனத்த கோட்டிலேயே அருமையாக வரைந்த ஓவியன் எவனாவது இருப்பானே! இயற்பியல் வகுப்பில் கதை நேர்மாறு. அங்கே சூத்திரம் சூத்திரமாகச் சொல்லித் தருவார்கள். அதன் உயிர் எது என்று யாரும் சொல்வதில்லை. நம் ஊர் வகுப்பறைகளை நினைத்தால் இந்த ஒப்பீடு இன்னும் சுடுகிறது.

மகள் மிஷெல் தொகுத்து 1995-இல் வந்த அவருடைய ஓவியப் புத்தகம் முகங்களாலும் உடல்களாலும் நிறைந்தது. பெரிய ஓவியர் என்று நான் சொல்லமாட்டேன். சில இடங்களில் நிழலைத் தேய்த்துத் தேய்த்துச் சரிக்கட்டப் பார்க்கிறார். ஆனால் பார்வை ஏமாற்றுவதில்லை. கன்னம் தாடையில் இறங்கும் இடத்தில் கோடு மெலிந்து, கூந்தலில் தளர்ந்து ஓடுகிறது. எதிரே இருப்பவரை அழகாக்கும் அவசரம் இல்லை. இவர் யார் என்று கேட்கிற ஆவல்தான் இருக்கிறது. ஒளி விழும் நிர்வாணப் பெண் ஒருத்தியை வரைந்து, 'ரேடியத்தின் கதிர்வீச்சைப் பார்க்கும் மேரி க்யூரி' என்று தலைப்பிட்டது அவருடைய குறும்புக்குச் சான்று. க்யூரியை அழகிய கூந்தலுள்ள பெண்ணாக எவனும் நினைப்பதில்லையே என்பது அவர் வாதம்.

கோடு அவருக்குப் புதிதல்ல. எலக்ட்ரானுக்கு நேர்கோடு, ஒளித்துகளுக்கு நெளிகோடு என்று 1949-இல் வெளிவந்த அவருடைய வரைபடங்கள் பக்கம் பக்கமான கணக்குக்கு வழிகாட்டின. அந்தப் படங்களையே 1975-இல் வாங்கிய டாட்ஜ் வேனின் பக்கங்களில் தீட்டவைத்தார். நம்பர் பிளேட்டில் 'குவாண்டம்' என்ற சொல், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து குறைத்து. மனைவி க்வெனெத், மகன் கார்ல், மிஷெல் எல்லோரும் ஏறிக்கொள்ள, அந்த வேன் கூடாரம் போட இடம் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்தது. உலகின் மிக நுட்பமான கணக்குகளில் ஒன்றைச் சுமந்துகொண்டு, சமையல் பாத்திரம் குலுங்கக் குலுங்க!

தெருவில் கொட்டடித்ததும் அப்படித்தான். 1950-களின் தொடக்கத்தில் பிரேசிலில் பாடம் நடத்தப்போன இடத்தில், சின்ன வாணலி போன்ற ஃப்ரிஜிதேய்ராவைக் குச்சியால் தட்டப் பழகி, சாம்பா குழுவோடு தெருவில் இறங்கிவிட்டார். கொட்டு அதற்கும் முன்பிருந்தே கையில் இருந்தது. தேறியவனாக நிற்பதைவிடத் தொடக்கக்காரனாக உட்காருவதில்தான் இந்த மனிதருக்கு ருசி. ஓவியத்திலும் அதுதான் தெரிகிறது.

கடைசி ஆசையும் ஒரு படத்தில் பிறந்ததே. சிறுவயதில் சேர்த்த தபால்தலைகளில் முக்கோணமாகவும் சாய்சதுரமாகவும் இருந்தவை தன்னு துவா என்ற நாட்டினுடையவை. அந்த நாடு என்ன ஆயிற்று என்று 1977-இல் நண்பர் ரால்ஃப் லைட்டனைக் கேட்டார். அது சோவியத் யூனியனுக்குள் போய்விட்டிருந்தது. தலைநகர் கிசில், ஆங்கிலத்தில் எழுதினால் வழக்கமான உயிரெழுத்து ஒன்றுகூட இராது. அதற்காகவே போயாக வேண்டும் என்று இருவரும் பத்தாண்டுகள் அனுமதிக்கு அலைந்தார்கள். நடுவே புற்றுநோய், அறுவை சிகிச்சைகள். 1988 பிப்ரவரி 15 அன்று ஃபெயின்மன் இறந்தார். மாஸ்கோவின் அழைப்புக் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

2009-இல் மிஷெல் துவாவுக்குப் போய் வந்தார்.