களமும் தொழிலும்: புனைவுலக ஆட்டங்களின் களத்தேர்வு பற்றிய சில குறிப்புகள்

ஒரு படைப்பு எந்த உலகில் நிகழ்கின்றது என்ற வினாவும், அவ்வுலகில் யார் செயற்படலாம், யார் செயற்படலாகாது என்ற வினாவும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கமுடியாதவை. நாவலையும் நாடகத்தையும் பொறுத்தவரை நமது திறனாய்வாளர் இதனைப் பல தசாப்தங்களாக வற்புறுத்தி வந்துள்ளனர். ஆனால் இன்றைய இளைஞர் பலர் ஈடுபட்டுள்ள ஒரு கூட்டுப்புனைவு வடிவத்தை, அதாவது பலர் கூடி, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, ஒருவர் நடத்துநராக இருக்க, கற்பனையுலகொன்றிலே வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் கதையொன்றை வளர்த்துச் செல்லும் ஆட்டத்தை, ‘விளையாட்டுத்தானே’ என்று நாம் ஒதுக்கிவிடுகின்றோம். விளையாட்டு என்று ஒதுக்கப்பட்டவற்றில் ஒரு காலத்தில் கூத்தும் இருந்தது என்பது மறக்கற்பாலதன்று.

இக்கட்டுரைக்கு உடனடிக் காரணமாக அமைந்தது ஓப்பநாயக்கப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் அறுவரின் கேள்வியாகும். ஒரே லயத்திலும் அடுத்த லயத்திலும் பிறந்த இவர்களுள் இருவர் கொழும்பிலே கடைச் சிப்பந்திகள். ஒருவர் வளைகுடா நாடொன்றில் இருக்கின்றார். ஒருவர் பல்கலைக்கழக மாணவி. ஏனைய இருவர் ஊரிலேயே உள்ளனர். ஞாயிறு இரவுகளில் இணையவழியே கூடி, தமிழிலேயே ஆடவேண்டும் என்பது அவர்களின் விருப்பம். ஆட்டத்துக்கான உலகு எது என்பதில்தான் இணக்கமில்லை. ஆட்டக்காரர் ‘கம்பெய்ன் செட்டிங்’ என வழங்கும் இதனை நாம் ‘களம்’ என்போம். மூன்று முன்மொழிவுகள் இருந்தன: சந்தையில் ஆயத்தமாகக் கிடைக்கும் களமொன்று, சோழர் காலச் சாயலில் ஒரு பேரரசு, தங்கள் தோட்டம். இலக்கியம் கற்பிப்பவர் என்ற முறையில் எமது அபிப்பிராயத்தைக் கேட்டனர். இது வெறும் இரசனை பற்றிய கேள்வியன்று என்பதே அப்போதும் எமக்குப் பட்டது.

முதலில் சந்தைக் களத்தை நோக்குவோம். இவ்வடிவத்தின் முன்னோடிகளுள் ஒன்று, 1969இல் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் பகுதியில் டேவிட் வெஸ்லி நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ ஆட்டமாகும். நெப்போலியன் காலச் சிறுநகரமொன்றே அதன் களம். படைத்தலைவர் மட்டுமன்றி நகரபிதா, வங்கியாளர், மாணவர் முதலியோரும் அங்கே பாத்திரங்களாயினர். அவ்வழி வந்த டேவ் ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் 1974இல் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டநூலை வெளியிட்டபோது, நகரத்து வங்கியாளரும் மாணவரும் பின்தள்ளப்பட்டு, நிலவறைகளுக்குள் புகுந்து அரக்கரைக் கொன்று பொன்னெடுத்து மீளும் வீரர் முன்னுக்கு வந்தனர். தொடக்ககால விதிகளின்படி, மீட்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப்புள்ளி உண்டு. கவர்ந்த செல்வமே கற்ற அனுபவம்! மூலதனத்தின் ஆதித் திரட்டலை இத்துணை வெளிப்படையாக விதியாக்கிய வேறொரு கலைவடிவத்தை நாம் அறியோம்.

கனடிய நூலகரான எட் கிரீன்வுட் இளமையிலேயே கற்பனைசெய்த ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ 1987இல் வெளியிடப்பட்டு இவ்வாட்டத்தின் புகழ்பெற்ற களமாயிற்று. அதன் தேசப்படங்கள் நுணுக்கமானவை. தெய்வங்களின் பட்டியல் நீண்டது. மந்திரங்களும் விலங்குகளும் எண்ணிலடங்கா. 1991இல் அதனோடு ‘மாஸ்டிக்கா’ என்ற கண்டம் இணைக்கப்பட்டது. அமெரிக்கப் பழங்குடிகளின் நாடுகளை ஸ்பானியர் வென்ற வரலாறு அங்கே சாகசமாக மாற்றப்பட்டிருந்தது.

இவ்விடத்து நமது மரபு தரும் ஓர் அளவுகோலைப் பயன்படுத்தலாம். களம் பற்றித் தொல்காப்பியர் சிந்தித்தமை நாம் அறிந்ததே. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய உணவு, விலங்கு, மரம், பறவை, தெய்வம், பறை, யாழ் முதலியன கருப்பொருள். இந்த வரிசையிலே ‘செய்தி’ என்ற பெயரால் மக்கள் செய்யும் தொழிலும் வைக்கப்பட்டுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது. திணைக் கோட்பாட்டை உற்பத்தி முறைகளோடும் சமமற்ற வளர்ச்சியோடும் தொடர்புபடுத்திக் கார்த்திகேசு சிவத்தம்பி 1974இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரைக்கு அடிப்படையாக அமைந்ததும் இத்தகைய நோக்கே. இந்த அளவுகோலைச் சந்தைக் களங்களின்மீது வைத்துப் பார்த்தால், தெய்வம் உண்டு, மா உண்டு, மரம் உண்டு, புள் உண்டு. தொழில் மட்டும் இல்லை. சத்திரத்திலே உணவு கிடைக்கும், அதை விளைவித்தவர் யாரென்று தெரியாது. நிலவறையிலே பொன் குவிந்திருக்கும், அதை அகழ்ந்தவர் யாரென்று தெரியாது. இரத்தினபுரி மாவட்டத்திலே, மாணிக்கக் குழிக்குள் இறங்கி நீரிறைத்து, மண் கழுவி வாழ்பவர்களின் அயலிலே வளர்ந்த இளைஞர்களுக்கு இந்த இன்மை வியப்பூட்டியிருக்க வேண்டும். அவர்களுக்கு அது தோன்றவில்லை என்பதுதான் எமக்கு வியப்பாயிருந்தது.

சந்தைக் களத்தின் இன்னொரு இயல்பு இதைவிடப் பாரதூரமானது. அங்கே சில இனங்கள் பிறப்பிலேயே தீயவை. ஓர்க்குகளையும் அவை போன்றவற்றையும் கொல்வதற்கு எந்த நியாயமும் கூறவேண்டியதில்லை. பல ஆண்டுக் கண்டனங்களின் பின்னர், 2020 ஜூனில், வெளியீட்டு நிறுவனமான ‘விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட்’ இவ்வினங்களை ஒழுக்கரீதியாக ஏனைய மக்களைப்போன்றே சிக்கலானவையாகச் சித்திரிக்கப்போவதாக அறிவித்தது. 2022இல் அது வெளியிட்ட தொகுப்பொன்றில், தலித் எழுத்தாளரான மிமி மொண்டல் வங்கநிலச் சாயலிலே களமொன்றை ஆக்கி எழுதியுள்ளார். இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே. எனினும் சந்தை தன் பண்டத்தைத் திருத்திக்கொள்வது வேறு, ஆடுவோர் தம் உலகைத் தாமே ஆக்கிக்கொள்வது வேறு. களத்தின் புதுமை மட்டும் போதாது என்பதற்கும் சான்றுண்டு. மேலைப் புராணங்களை விலக்கி, தெற்காசியச் சாயல்களும் சேர்ந்த ‘டெக்குமேல்’ என்ற உலகை 1975இல் வெளியிட்ட பேராசிரியர் எம். ஏ. ஆர். பார்க்கர், புனைபெயரிலே நாசிச் சார்பு நாவலொன்றை எழுதியவர் என்பது அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின், 2022இல், பரவலாக அறியவந்தது.

பிறப்பாற் பகைவர் என்னும் கருத்து இந்நாட்டிலே வெறும் ஆட்டவிதியன்று. 1977லும் 1981 ஆகஸ்டிலும் சப்ரகமுவத் தோட்டங்களிலே லயங்கள் எரிக்கப்பட்டன. மக்கள் காடுகளுக்குள் ஒளிந்தனர். பலர் வடக்கே பெயர்ந்தனர். எஞ்சியோர் சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிய சிறு குடியிருப்புகளில் வாழ்கின்றனர். அதே அயலவரே சிலரை மறைத்துக் காத்தனர் என்பதையும் அவ்விளைஞரின் பெற்றோர் கூறுவர். இத்தகைய இடத்திலிருந்து ஆடப்படும் ஆட்டத்தில் ‘தீய இனம்’ ஒன்று இருக்குமாயின், அது யாருடைய முகத்தை அணிந்துகொள்ளும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது முன்மொழிவாகிய சோழக் களம் இந்த ஆபத்தை நீக்காது, திசைமாற்றும். அன்றியும் தொழில் என்ற அளவுகோல் அங்கும் பொருந்தும். கூலியில்லா உழைப்பைக் குறிக்கும் ‘வெட்டி’யும், இராசராசன் காலக் கல்வெட்டிலே இடம்பெறும் ‘தீண்டாச்சேரி’யும் அக்களத்தின் கருப்பொருளில் சேர்க்கப்படுமா என்று கேட்டோம். முன்மொழிந்தவர் சிரித்தார். கல்கியின் வாசகர்கள் பலரும் அவ்வாறே சிரிப்பர்.

இவ்விடத்து முற்போக்கு வாசகர் ஓர் ஆட்சேபத்தை எழுப்பலாம்: புனைவுலகே தப்பியோட்டமன்றோ, களம் எதுவாயினும் என்ன? யதார்த்தவாதத்தை நிலைநாட்டப் போராடிய தலைமுறைக்கு இந்த ஐயம் இயல்பானது. அறிவியற் புனைகதை பற்றி 1979இல் எழுதிய டார்க்கோ சூவினும் மிகுகற்பனைக்கு அறிவார்ந்த மதிப்பை மறுத்தார். இதனை மறுத்துச் சைனா மியேவில் 2002இல் ‘ஹிஸ்டோரிக்கல் மெற்றீரியலிசம்’ இதழில் மார்க்சியமும் மிகுகற்பனையும் பற்றிய விவாதத்தைத் தொடக்கிவைத்தார். ஆயின் இவ்விவாதத்துக்கான விடையைத் தேட நாம் இலண்டன்வரை செல்லவேண்டியதில்லை. தோட்டத்துப் பிரட்டுக்களம்வரை சென்றாற் போதும்.

மாசி மாதத்திலே காமன் ஊன்றப்படுவது முதல் எரிக்கப்படுவதுவரை, மலையகத் தோட்டங்களிலே ஆடப்படும் காமன் கூத்து, பலநாள் தொடரும் பாத்திரமேற்பு ஆட்டமே. ரதியும் மன்மதனும் லயம் லயமாகச் செல்வர். வீரபத்திரனும் தூதனும் யமனும் தோன்றுவர். கொழுந்தெடுப்பவரும் பால்வெட்டுபவருமே நடிகர். வீட்டுவாசல்களும் தோட்டத்துப் பாதையுமே தேவலோகமாகவும் பூலோகமாகவும் மாறும். கூத்தைப் பழக்குபவர் நடத்துநர். கோமாளியின் வாயிலே தோட்டத்து அன்றாடச் செய்திகள் புராணத்துக்குள் நுழைந்துவிடும். கதை வானத்தினுடையது, களமோ தோட்டத்தினுடையது. இதிலே தப்பின் இடம் சிறப்பாக நோக்கற்பாலது. அக்காலத் தோட்டங்களிலே விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியதும் தப்பு. காமனுக்கு அழைத்ததும் தப்பு. தொல்காப்பியரின் ‘பறை’யும் ‘தொழிலு’ம் ‘தெய்வ’மும் ஒரே தோலிலே ஒலித்தன. தொழிலாளரைத் துயிலெழுப்பிய கருவியைத் தொழிலாளரே தம் கனவுக்குப் பயன்படுத்தினர். இது தப்பியோட்டமாயின், தப்பியோடியவர் வேறெங்கும் செல்லவில்லை. தம் களத்தையே சில இரவுகளுக்குத் தமதாக்கிக்கொண்டனர்.

எனவேதான் மூன்றாவது முன்மொழிவை நாம் ஆதரித்தோம். ஆனால் ‘தோட்டம்’ என்று பொதுப்படக் கூறுவது களமாகாது. முதற்பொருளில் நிலத்தோடு பொழுதும் வேண்டும். எமது யோசனை 1919 முதல் 1921 வரையான ஓப்பநாயக்க என்பதாகும். களனிப் பள்ளத்தாக்குக் குறுகிய புகையிரதப் பாதை 1912இல் இரத்தினபுரியை அடைந்து, 1919இல் ஓப்பநாயக்கவிலே வந்து முடிந்தது. அப்பகுதி 1970களில் மூடப்பட்டுவிட்டதால், அவ்வழியே ஒருகாலத்தில் புகைவண்டி வந்தது என்பதே இன்றைய இளைஞருக்குப் புராணம்போற் படுகின்றது. தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்கு ஏற்றிச்செல்ல வந்த இருப்புப்பாதையின் இறுதி நிலையம் ஒன்றைவிடச் சிறந்த தொடக்கக் காட்சி எந்த ஆட்டத்துக்குக் கிடைக்கும்?

காலத்தின் மறு எல்லை 1921. தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ என்ற சீட்டு அவ்வாண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை, புதிய தோட்டத்துத் துரை அக்கடனைச் செலுத்தினாலன்றித் தொழிலாளி பழைய தோட்டத்தை விட்டு நீங்கமுடியாது. சந்தைக் களத்தின் வீரன் கையிலே சில பொற்காசுகளோடு ஆட்டத்தைத் தொடங்குகின்றான். நமது களத்தின் பாத்திரமோ கடனோடு தொடங்கும். எண்கள் கூடுவது அங்கே வெற்றி, இங்கே கட்டு. ஒருநாட் கூலிக்குத் தோட்டத்து வழக்கிலே ‘பேர்’ என்று பெயர். நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. பாத்திரத்தின் பெயரே அதன் கூலியாகும் இந்த மொழியைவிடக் கூர்மையான ஆட்டவிதியை எவரும் கற்பனைசெய்துவிட முடியாது. இவ்விளைஞரின் வாயிலிருந்து மெல்ல நழுவிவரும் சொற்களும் இவையே. ஆட்டம் தமிழிலே நிகழவேண்டும் என்ற அவர்களது விருப்பத்தின் பெறுமதி இங்கேதான் உள்ளது.

இக்களத்திலே சாகசத்துக்கு இடமுண்டோ என்று ஒருவர் கேட்டார். கோ. நடேசய்யரை நினைவூட்டினோம். அயலார் நுழையமுடியாத தோட்டங்களுக்குள், புடவை வியாபாரியாக வேடம்பூண்டு புகுந்து, தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்த வரலாறு அவருடையது. பாத்திரமேற்பு என்பது மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கின்றது. சப்ரகமுவ மாகாணத்திலேயே வேறு பொழுதுகளும் உண்டு. கேகாலை மாவட்டத்து உதுவன்கந்தையைக் களமாகக்கொண்டு, 1864இல் தூக்கிலிடப்பட்ட சரதியேலையும், அவனோடு தூக்கேறிய மம்மலே மரைக்காரையும் பாத்திரமாக்கலாம். சிங்களவனும் முஸ்லிமும் ஒரே அணியில் நின்ற கதை அது. ‘தீய இன’ விதிக்கு அதுவே மறுப்பு. ஓப்பநாயக்கக் களத்திலும் அயற்கிராமத்தவர் பாத்திரங்களாக வரவேண்டும், அரக்கராகவோ வெறும் பின்னணியாகவோ அன்று.

கங்காணியையும் ஆடத்தக்க பாத்திரமாகவே வைக்கவேண்டும் என்பது எமது கருத்து. தொழிலாளர் தலையொன்றுக்கு இவ்வளவென்று தலைக்காசு பெற்றவன் அவன். அதே தமிழைப் பேசியவன். சிலவேளை அதே ஊரவன், உறவினன். அவனைத் தீயவனாகப் பிறப்பித்துவிட்டால், மேலே கண்டித்த விதியை நாமே பின்வாசலால் அழைத்துவந்தவர்களாவோம். லயங்களிலே நிலவிய சாதிப் பிரிவினையையும் மறைக்கலாகாது. தப்பை அடித்தவர் யார், அதைத் தீண்டாதவர் யார் என்பதும் கருப்பொருளே.

காமன் கூத்தை முன்மாதிரியாகக் கொள்வதிலும் எமக்குத் தயக்கங்கள் உண்டு. மரபுவழி ஆட்டத்திலே ரதியாக ஆடியவரும் ஆணே. கொழுந்தெடுக்கும் பெண்களின் உழைப்பில் நின்ற தோட்டத்தில், பெண்ணின் புலம்பலைக்கூட ஆண்களே பாடினர். இதனை நாம் விளக்கியபோது, அறுவருள் ஒருவரான மாணவி, தாம் ரதியாகவோ கொழுந்துக்காரியாகவோ அன்றி, வீரபத்திரனாக வரப்போவதாகக் கூறினார். இன்னொரு வேறுபாடும் உண்டு. காமன் எரிவான், மூன்றாம் நாள் உயிர்த்தெழுவான், கூத்து முடியும், மறுநாள் பிரட்டு. இணையவழி ஆட்டத்துக்கோ அத்தகைய முடிவு கிடையாது. 1921இல் துண்டு ஒழிந்தது, கடன் ஒழியவில்லை. ஆட்டம் அங்கே நிற்பதா, 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குள் செல்வதா என்பதை ஆடுவோர்தாம் தீர்மானிக்கவேண்டும்.

இதனை எழுதும் வேளையில் அறுவரும் மூன்றாவது களத்துக்கு இணங்கியுள்ளனர். ஒரே ஒரு தகராறு எஞ்சியுள்ளது: துரையை யார் ஆடுவது? நடத்துநரே ஆடினால், விதிகளும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்துவிடும். வேறொருவர் ஆடினால், சுரண்டல் ஒரு மனிதனின் குணக்கேடாகக் குறுகிவிடும். துரையைப் பாத்திரமாக்காமல், கொழும்பு ஏஜென்சியிலிருந்தும் இலண்டன் கம்பெனியிலிருந்தும் மாதந்தோறும் புகையிரதத்தில் வந்திறங்கும் கடிதங்களாக மட்டும் வைக்கலாம் என்று நாம் எழுதியனுப்பினோம். கடிதங்களை யார் எழுதுவது என்று வளைகுடாவில் இருப்பவர் திருப்பிக் கேட்டுள்ளார்.