வீடியோ கேசட்டும் யுஎஸ்பி கேப்சர் கருவியும்

பழைய கல்யாண கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் காரியத்தைத் தள்ளிப்போடுவதற்கு இனி அவகாசம் இல்லை என்பதே என் திடமான அபிப்பிராயம். படத்தைத் தாங்கும் காந்தத் துகள்களை நாடாவோடு பிணைத்திருக்கும் பசை ஈரத்தால் சிதைந்துகொண்டே இருக்கிறது. 1976-ல் ஜேவிசி அறிமுகப்படுத்திய விஎச்எஸ் முறைக் கேசட்டுகளை ஓட்டும் டெக்குகளை நெடுங்காலம் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது.

நான் பிரயோகித்துப் பார்த்தது உள்ளங்கையில் அடங்கும் மலிவான யுஎஸ்பி கேப்சர் கருவி. டெக்கின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை இதில் செருகி, மறுமுனையைக் கணினியில் இணைத்தால் போதும். நல்ல நிலையிலுள்ள கேசட்டிலிருந்து இது எடுத்துக் கொடுத்த பிரதி, டிவியில் பார்த்த படத்துக்குக் குறைவானதல்ல. ஆனால் தேய்ந்த கேசட்டில் விஷயம் வேறு. நாடா இழுபடும் வேகத்தில் ஏற்படும் சூட்சுமமான தடுமாற்றத்தால் படத்தின் ஒவ்வொரு வரியும் சற்று முன்பின்னாக வந்து சேர, பழைய டிவிப் பெட்டி பொறுத்துக்கொண்ட அந்தக் குறையைப் பொறுக்கமாட்டாத இக்கருவி இடையிடையே ஃபிரேம்களை நழுவவிட்டுவிடுகிறது; அதனால் தாலிகட்டும் கட்டத்துக்கு வருவதற்குள் கெட்டிமேளச் சத்தம் ஒருபுறமும் தவில்காரரின் கை ஒருபுறமுமாகப் பிரிந்துபோகின்றன.

இதற்குப் பரிகாரம் உண்டு. வரிகளின் காலத்தைச் சீர்செய்யும் டைம் பேஸ் கரெக்டர் விலை அதிகமாகையால், பானசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை டெக்குக்கும் கருவிக்கும் நடுவே இணைத்து, அதில் எதையும் பதியாமல் சமிக்ஞையை மட்டும் அதன் வழியே செலுத்தினேன். நெளிந்த மேல்வரிகள் நிமிர்ந்தன, சத்தமும் படத்தோடு சேர்ந்தது.

கருவியோடு வரும் மென்பொருளை விலக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்டப்பில் ஹஃப்ஒய்யுவி முறையில் பதிவதே உத்தமம். மணிக்குச் சுமார் 30 ஜிபி பிடித்தாலும் நஷ்டமற்ற மூலப்பிரதி கையில் நிற்கும். பார்ப்பதற்கான சிறிய பிரதியைப் பிறகு செய்துகொள்ளலாம். நம் நாட்டுக் கேசட்டுகளுக்கு 625 வரி, 25 ஃபிரேம் கொண்ட பால் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பியவையோ பெரும்பாலும் என்டிஎஸ்சி முறையில் இருக்கும். அவற்றை ஓட்டவல்ல டெக் தனியே அவசியம்.

ஆகவே கருவிக்கு அதிகம் செலவிடாமல், நல்ல டெக்குக்கும் அதன் ஹெட்டைச் சுத்தம் செய்வதற்குமே பணத்தைச் செலவிடுங்கள். வெள்ளைப் பூஞ்சணம் படிந்த கேசட்டை மாத்திரம் எக்காரணத்தாலும் டெக்கில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டும் பூஞ்சணம் அடுத்து ஓடும் கேசட்டுகளுக்கும் தொற்றிவிடுமாதலால், அந்தக் கேசட்டை முதலில் அனுபவமுள்ளவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யவேண்டும்.