எல்லையோரத்து சி.டி.

கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சி போகையில் கோவிந்தாபுரம் தாண்டினால் தமிழ்நாடு. பாட்டுக்கு அங்கே சோதனைச்சாவடி கிடையாது. கடையில் விற்ற சி.டி.க்கள்தான் தமிழ் தனி, மலையாளம் தனி. பாலக்காட்டு எலப்புள்ளியில் 1928-ல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பாட்டுகளும், ‘பணிதீராத்த வீடு’ படத்தில் அவரே இசையமைத்துப் பாடிய பாட்டும் ஒரே சி.டி.யில் வேண்டுமா? நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

காசு கொடுத்து வாங்கிய சி.டி.க்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வரிசை கட்டுவதில்தான் ருசியே. ஆடியோ சி.டி. என்றால் 80 நிமிடம். 18 பாட்டு அடங்கினாலே அதிகம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று மனசு அடித்துக்கொள்ளும். சோகப் பாட்டின் வாலில் குத்துப்பாட்டு ஒட்டிக்கொண்டால் காரியம் கெட்டது. எம்.பி.3 ஆக்கினால் அதே 700 எம்.பி.யில் 150 பாட்டு போகும். தேர்ந்தெடுக்கும் அவஸ்தை இல்லை, அதனாலேயே சுவையும் குறைவு. சி.டி. எழுதும் ‘நீரோ’ மென்பொருள் ஓடும்போது வேறெதையும் தொடக்கூடாது; பழைய கம்ப்யூட்டர் திணறினால் சி.டி. பாழ். கடைசியாக மார்க்கர் பேனாவால் பெயர்.

இப்படி எழுதிய சி.டி.யின் சாயப்பூச்சு வெயில் பட்டால் மங்கிவிடும். உங்கள் அலமாரியில் ஏதாவது கிடந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.