குழவி நிற்கிறது, கல் சுற்றுகிறது

காலையில் போனைத் திறந்தால் ஏஐ செய்திதான். எந்த மாடல் எதை முந்தியது, எந்தக் கம்பெனி எத்தனை ஆயிரம் கோடி கொட்டியது, அடுத்து யார் வேலை போகும். கோவை சரவணம்பட்டியில் பதினெட்டு வருஷமாகக் கோட் எழுதுகிறவள் நான். படிக்காமல் இருக்க முடியாது. படித்துவிட்டு அடுப்படிக்குப் போனால், மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது எங்கள் டில்டிங் கிரைண்டர். போன வாரம் அதற்குக் கல் கொத்திக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் அதையே பேசுகிறேனாம். "போதும் அம்மிணி, பேசாம எழுதிரு" என்றார் வீட்டுக்காரர். சரி, எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த எழுபது வருஷத்தில் நம் மண்ணில் பிறந்த மெஷின்களில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம், இட்லி வைத்து அனுப்புகிறேன்.

அம்மாவின் அம்மாவை நாங்கள் அம்மிச்சி என்போம். அவர் வீட்டுப் பொடக்காளியில், அதாவது கொல்லையில், ஆட்டுக்கல் உண்டு. அவர் ஆட்டுவதைப் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்திருக்கிறேன். வலது கை குழவியைச் சுற்றும். இடது கை ஓரத்தில் ஏறுகிற மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு கை ஏமாந்தால் இன்னொரு கை நசுங்கும்; அப்படி ஒரு தாளம். நடுநடுவே தண்ணீர் தெளிப்பு. முடிந்ததும் குனிந்து வழித்தெடுக்க வேண்டும், முதுகு போய்விடும்.

இப்போது கிரைண்டரைப் பாருங்கள். கல் சுற்றுகிறது, குழவி நின்ற இடத்தில் நிற்கிறது. அதாவது தலைகீழ்! ஆயிரம் வருஷமாக அசையாமல் கிடந்த கல்லைச் சுற்றவிட்டு, சுற்றிச் சுற்றி வந்த குழவியைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டார்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிற தள்ளு பலகை இருக்கிறதே, அது அம்மிச்சியின் இடது கை. அப்படியே சாய்த்து ஊற்றுகிற டில்டிங் இருக்கிறதே, அது அவருடைய முதுகு. எவனோ ஒருத்தன் ஒரு பெண் மாவாட்டுவதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறான். இரண்டு கையும் தனித்தனியாக என்ன வேலை செய்கின்றன என்று எண்ணியிருக்கிறான். இருபது மீட்டிங் போட்டும் யூசர் என்ன செய்கிறார் என்று எங்கள் டீமுக்குப் புரியாத நாட்கள் உண்டு. அதனால்தான் இதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

1955-ல் பி. சபாபதி என்பவர் கோவையில் வெட் கிரைண்டர் செய்ய ஆரம்பித்தார் என்பது ஊர் அறிந்த வரலாறு. ஏன் கோவையில்? 1930-களில் பைகாரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆலைக்குப் பாகம் செய்யப் பட்டறைகள், பட்டறைக்கு வார்ப்பு ஊற்ற ஃபவுண்டரிகள், கிணற்றுக்கு பம்ப். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் இந்த ஊரிலேயே மின்மோட்டார் செய்து காட்டிவிட்டார்கள். மோட்டார் இருக்கிறது, லேத் இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் கருங்கல் இருக்கிறது, வீட்டுக்கு வீடு இட்லி இருக்கிறது. இத்தனையும் ஓரிடத்தில் சேர்ந்தால் வேறு என்னதான் பிறக்கும்? இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்ற பொருள். காஞ்சிபுரம் பட்டு, பழனி பஞ்சாமிர்தம், பவானி ஜமக்காளம் இருக்கிற வரிசையில் மோட்டார் வைத்த ஒரு மெஷினும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்ததும் எங்கள் பக்கத்துப் பட்டறைகள் ராத்திரி பகலாக ஓடின. 2022-ல் கிரைண்டருக்கு ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18-க்கு ஏற்றினார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கட்டுரை கெட்டுவிடும்.

மிக்ஸியில் அரைத்தால் ஆகாதா என்று சென்னைத் தோழி கேட்கிறாள். ஆகும். சட்னிக்கு ஆகும். மிக்ஸி மோட்டார் நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுப் பக்கம் போகிறது. பிளேடு வெட்டுகிறது, ஜார் சுடுகிறது. கிரைண்டர் கல் நிமிஷத்துக்கு நூற்றுச் சொச்சம் சுற்று, அவ்வளவுதான். அது வெட்டுவதில்லை, நசுக்கித் தேய்க்கிறது. கனமான கருங்கல் சீக்கிரம் சூடேறாது. உளுந்தில் வழவழவென்று ஒரு பசை இருக்கிறது. அதுவும் உளுந்தின் புரதமும் சேர்ந்துதான் காற்றைப் பிடித்து வைக்கின்றன. ராத்திரி முழுக்க லியூகோநாஸ்டாக் என்கிற நுண்ணுயிர்கள் மாவில் வாயுவை விட, அந்த வலையில் அது சிக்கிக்கொண்டு மாவு பொங்குகிறது. மாவைச் சுட வைத்துக் கொடுத்தால் அந்த ஜீவன்கள் பாவம் என்ன செய்யும்? ஒரு துளி உளுந்து மாவைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று அம்மா பார்ப்பார். காற்று ஏறியிருக்கிறதா என்கிற சோதனைதான் அது. லேப் ரிப்போர்ட்டே வேண்டாம்.

இன்னொன்றும் கணக்குப் போட்டேன். தங்கச்சி வீட்டு மேசை கிரைண்டர் 150 வாட். அரை மணி நேரம் ஓடினால் 75 வாட்-மணி. பதின்மூன்று தடவை மாவாட்டினால் ஒரு யூனிட்! ஏஐ டேட்டா சென்டர்கள் குடிக்கிற கரண்டைப் பற்றித் தினமும் வாசிக்கிறவளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி ஆறவில்லை.

நானும் ஒருகாலத்தில் ஏமாந்தவள்தான். போனிலிருந்தே ஓட்டலாம் என்று ஒரு சமையல் மெஷினை விலை கொடுத்து வாங்கினேன். யார் செய்தது என்பதெல்லாம் வேண்டாம். வைஃபை போன அன்று சாம்பாரைப் பாதியில் வைத்துக்கொண்டு, 'கனெக்டிங்' என்று சுழன்றுகொண்டே இருந்தது. கிரைண்டருக்கு ஒரு சுவிட்ச். 2012 மின்வெட்டுக் காலத்தில் பாதி உளுந்தில் கரண்ட் போனால்கூட அம்மா அசரவில்லை. மாவை வழித்துக்கொண்டு பொடக்காளிக்குப் போய் ஆட்டுக்கல்லில் முடித்தார். பழைய மெஷினும் புதிய மெஷினும் இப்படி ஒன்றுக்கொன்று கைகொடுப்பதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

கல் கொத்தின கதைக்கு வருகிறேன். ஆறு மாதமாக மாவு நைசாக விழவில்லை. உளுந்து மேல் பழி போட்டேன், அரிசி மேல் போட்டேன், மார்கழிக் குளிர் மேல்கூடப் போட்டேன். சிறுவாணித் தண்ணீர் மேல் மட்டும் போடவில்லை, இந்த ஊரில் அது குற்றம். கடைசியில் கல்லை இரண்டு பேரைப் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் ஆவாரம்பாளையத்திலுள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் டார்ச் அடிக்கவில்லை, மீட்டர் வைக்கவில்லை. உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவினார்.

"ஏனுங்கக்கா, கொத்தி எத்தனை வருசமாச்சுங்க?"

"பத்து வருசம் இருக்குமுங்ணா."

"கல்லு கொழந்தை கன்னமாட்ட ஆயிப்போச்சுங். இதுல உளுந்து வழுக்கி வெளையாடுமே தவிர அரைபடாதுங்."

உளியை எடுத்துச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். டிங், டிங், டிங் என்று ஒரே சீராக. வெள்ளைப் பொடி பறக்க, கல்லுக்குள் சின்னச் சின்ன அம்மைத் தழும்புகள் வரிசையாக விழுந்தன. ஓரத்தில் கொஞ்சம் நெருக்கமாக, நடுவில் கொஞ்சம் தள்ளி. "ஏன் அப்படி?" என்று கேட்டேன். "குழவி எங்க அழுத்துதோ அங்க வேற, விடற எடத்துல வேறங்" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே. நாற்பது நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். இரண்டு மீட்டிங் போன்கள் தவறிப்போயின, எடுக்க மனசே வரவில்லை. இந்தத் தட்டலின் கணக்கை எந்த மாடலுக்காவது யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? ஏஐ மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை, தினமும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறேன். ஆனால் அதைச் செய்கிறவர்கள் ஒரு நாள் இந்தப் பட்டறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தால் தேவலை என்று தோன்றியது.

கிளம்பும்போது அண்ணன் சொல்லி அனுப்பினார்: "மொதல்ல பழைய அரிசி ஒரு கைப்பிடி போட்டு ஆட்டிக் கொட்டிருங்கக்கா. ரெண்டு தடவை. கல்லுத்தூள் இருக்குமுங்." இரண்டு தடவை ஆட்டிக் கொட்டினேன். மூன்றாவது தடவை உளுந்து.

அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா சோபாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் கிரைண்டர் பக்கத்தில் நிற்கிறார். "இப்பத்தான் சரியாப் பேசுது" என்றார். இடது கையை நீட்டி, தள்ளு பலகை ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருக்கிற மாவை அவரும் ஒரு தள்ளுத் தள்ளினார்.

மறுநாள் விடிகாலை அடுப்படியில் கால் வைத்தால் வழுக்குகிறது. மாவு குண்டாவின் மூடியைத் தூக்கித் தள்ளிவிட்டு, மேடையில் வழிந்து, தரை வரை வந்திருந்தது. துடைக்கக்கூட மனசில்லாமல் முதலில் ஒரு போட்டோ எடுத்தேன். பிறகு இரண்டு தூக்குப்போசியில் ஊற்றி, ஒன்றை எதிர்வீட்டுக்கும் இன்னொன்றை ஆவாரம்பாளையத்துக்கும் கொண்டுபோனேன்.