ஆட்டமும் மருந்தும்

நாட்டியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மேடையைப் பார்த்தே எழுதிப் பழகிவிட்டார்கள். அரங்கேற்றம், அடவுச் சுத்தம், அபிநயம், கடைசியில் பொன்னாடை. இதற்கு வெளியே ஆட்டம் என்று ஒன்று இருப்பதாகவே நம் விமர்சகர்கள் கருதுவதில்லை. பார்க்க ஆளில்லாத ஓர் ஆட்டத்தை, ஆடுகிறவர்களும் ஆடத் தெரியாதவர்களாகவே இருக்கிற ஓர் ஆட்டத்தை, விமர்சனம் என்ன செய்வது? மேரியன் சேஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் வேலையை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைச் சற்று யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

சேஸ் 1896ல் பிறந்தவர். ரூத் ஸெயிண்ட் டெனிஸ், டெட் ஷான் தம்பதி நடத்திய டெனிஷான் பள்ளியில் நடனம் பயின்றவர். அந்தப் பள்ளிக்கும் நமக்கும் ஒரு விசித்திரமான உறவு உண்டு. இந்தியாவைக் கண்ணால் காணாமலே 1906ல் ‘ராதா’ என்று ஒரு நடனம் ஆடிப் பெயர் வாங்கியவர் டெனிஸ். 1925-26ல் அவர்களுடைய குழு கீழ்நாடுகளைச் சுற்றியபோது இந்தியாவுக்கும் வந்தது. அவர்கள் ஆடியதில் இந்தியா எவ்வளவு இருந்தது என்று கேட்டால், அதிகம் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் நடனம் வெறும் கேளிக்கையல்ல, மனுஷனின் உள்ளே எதையோ தொடுகிற காரியம் என்ற நம்பிக்கை அவர்களிடம் நிஜமாகவே இருந்தது. சேஸ் அங்கிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான்.

பிறகு அவர் வாஷிங்டனில் நடனம் கற்பித்தார். வந்தவர்களில் பலருக்கு நடனக்காரர்களாகும் உத்தேசமே இல்லை. பின் எதற்காக வருகிறார்கள் என்று அவர் கவனிக்க ஆரம்பித்தார். டாக்டர்களும் அவரைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். 1942ல், யுத்தத்தின் நடுவில், ஸெயிண்ட் எலிஸபெத்ஸ் மனநோய் ஆஸ்பத்திரிக்குள் அவர் நுழைந்தார். 1855ல் திறக்கப்பட்ட சர்க்கார் ஆஸ்பத்திரி அது. ஆயிரக்கணக்கான நோயாளிகள். போர்முனையிலிருந்து நிலைகுலைந்து திரும்பிய சிப்பாய்களும் அவர்களில் உண்டு. குளோர்ப்ரோமஸின் போன்ற மருந்துகள் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வர இன்னும் 12 வருஷம் இருந்தது. மின்சார அதிர்ச்சியும் பூட்டிய கதவுமே அந்தக் காலத்து வைத்தியத்தில் பெரும்பகுதி.

அங்கே அவர் செய்தது மிக எளிமையானது. ஓர் இசைத்தட்டைப் போடுவார். வருகிறவர்களை வட்டமாக நிற்கச் சொல்வார். ஒருவன் தோளைக் குறுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறான் என்றால், அதை நிறுத்தச் சொல்லமாட்டார். அந்த அசைவைத் தம் உடம்பில் வாங்கிக்கொள்வார். கேலியாகவோ நகலாகவோ அல்ல. ‘உன்னைப் பார்க்கிறேன், நீ சொல்வது எனக்குக் கேட்கிறது’ என்று தம் தோளாலும் முதுகாலும் பதில் சொல்வதாக. பிறகு அதையே கொஞ்சம் பெரிதாக்கி வட்டத்துக்குத் தருவார். பத்துப் பேர் அதை வாங்கி ஆடும்போது, தனியொருவனுடைய பிரமை நாலு பேருக்குப் பொதுவான ஒரு தாளமாகிவிடுகிறது. பேச்சு நின்றுபோனவனிடம் பேச்சை எடுத்துக்கொண்டு போவதில் பிரயோஜனமில்லை என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார்.

இதைக் கலை என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். ஆரம்பம், வளர்ச்சி, முடிவு எல்லாம் இதில் இருக்கின்றன. அந்த உருவம் முன்கூட்டித் தீர்மானித்ததல்ல. எதிரே நிற்பவனின் நிலையிலிருந்து அந்தந்த நிமிஷத்தில் பிறப்பது. நல்ல நாவலாசிரியன் தன் பாத்திரத்தை இழுத்துக்கொண்டு போகாமல் அதன் பின்னாலேயே போகிறான் அல்லவா, அந்த மாதிரி. 1966ல் அமெரிக்க நடனச் சிகிச்சைச் சங்கம் ஏற்பட்டபோது சேஸ்தான் முதல் தலைவர். 1970ல் அவர் இறந்தார். இப்போது அந்தத் தொழிலுக்குப் பட்டப் படிப்பும் பயிற்சி முறையும் இருக்கின்றன.

இதைப் படித்ததும் நம்மவர் ஒருவர் எழுந்து, ‘இதெல்லாம் நம்மிடம் எப்பொழுதோ இருந்ததுதானே!’ என்பார். உடுக்கையும் பம்பையும் முழங்க, கிராமக் கோயிலில் ஒரு பெண் தலையை விரித்துப்போட்டு ஆடுகிறாளே, அது என்ன? ஒப்புமை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. அங்கும் தாளம் இருக்கிறது, வட்டமாக ஊர் இருக்கிறது, வீட்டில் வாய் திறக்க முடியாதவளுக்கு வாய் திறக்க ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. ஆனால் பேயோட்டுகிற பூசாரி அவள் அசைவைத் தொடர்ந்து போவதில்லை. ‘நீ யார், எங்கிருந்து வந்தாய், என்ன வேண்டும்?’ என்று அதட்டுகிறவர் அவர். பதில் சரியில்லை என்றால் வேப்பிலை. அதற்கும் படியாவிட்டால் பிரம்பு. ஆட்டம் அவளுடையது, அர்த்தம் பூசாரியுடையது. சேஸின் வட்டத்தில் முன்னால் போகிறவன் நோயாளி, பின்னால் போகிறவள் ஆசிரியை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் பழம்பெருமை பேசுவதால், ஆடுகிறவளுக்கு ஒரு நன்மையும் இல்லை.

அந்தப் பக்கத்திலும் பெருமை பேசுகிறவர்கள் உண்டு. 2014ல் பெஸல் வான் டெர் கோல்க் என்ற மனநோய் டாக்டர் எழுதிய புத்தகம் உலகமெங்கும் விற்றது. பட்ட துன்பத்தை உடம்பு கணக்கு வைத்திருக்கிறது என்பது அதன் சாரம். அழகான உவமை. நாவல் எழுதுகிறவன் யாரும் பொறாமைப்படலாம். பயத்தால் தசை இறுகுகிறது, மூச்சு குறுகுகிறது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, இவை உண்மைகள். ஆனால் இடுப்பில் ஒரு துக்கமும் தோளில் ஒரு துக்கமும் மூட்டை கட்டி வைத்திருப்பதாகவும், ஆடினால் அது கொட்டிப்போய்விடும் என்றும் இப்பொழுது சொல்லித் திரிகிறார்களே, அது உவமையை உடற்கூறாக்கிவிடுகிற காரியம். 1990களில் இத்தாலியில் குரங்குகளின் மூளையில் கண்ட ‘கண்ணாடி நியூரான்’களை வைத்துக்கொண்டு, சேஸின் முறைக்கு விஞ்ஞான விளக்கம் கிடைத்துவிட்டது என்று சொல்வதும் இந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். குரங்கு நிலக்கடலையை எடுப்பதற்கும், துயரப்பட்டவனோடு சேர்ந்து நிற்பதற்கும் இடையில் தூரம் அதிகம்.

கணக்கு என்ன சொல்கிறது? 2015ல் காக்ரேன் ஆய்வுக் குழுவினர் மனச்சோர்வுக்கு நடனச் சிகிச்சை பயன்படுமா என்று அலசியபோது, தேறிய ஆராய்ச்சிகள் 3. அவற்றில் கலந்துகொண்டவர்கள் 147 பேர். முடிவு சொல்ல இது போதாது என்றார்கள். 2019ல் வேறு சிலர் 41 ஆராய்ச்சிகளை, 2,374 பேரைச் சேர்த்துப் பார்த்ததில், சோர்வும் கவலையும் குறைவதாகத் தெரிந்தது. ஆனால் ஆராய்ச்சிகளின் தரம் ஒரே மாதிரி இல்லை. பேரதிர்ச்சியால் நொந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆதாரம் இன்னும் மெலிவு. அங்கே பயிற்சி பெற்றவர் படிப்படியாகப் பேசிக் குணப்படுத்துகிற முறைகளுக்கே பலமான சாட்சியம் இருக்கிறது. மாத்திரையைப் போல, எது மருந்து எது மாவு என்று தெரியாமல் கொடுத்துச் சோதிக்கவும் ஆட்டத்தில் வழியில்லை. ஆடுகிறவளுக்குத் தான் ஆடுவது தெரியும்.

ஆகவே உபயோகமில்லை என்று சொல்ல வரவில்லை. இதற்கு இரண்டு தராசுகள் வேண்டும் என்கிறேன். நோய் குறைந்ததா என்பதை டாக்டரின் தராசில் நிறுக்கவேண்டும். அங்கே ‘மனசுக்கு இதமாக இருந்தது’ என்ற சாட்சி மட்டும் போதாது. ஆட்டம் உண்மையாக இருந்ததா என்பதை விமர்சகனின் தராசில் நிறுக்கவேண்டும். அங்கே புள்ளிவிவரம் செல்லாது. ஒன்றுக்கு உரிய எடையை மற்றதில் போடுகிறவர்களால்தான் குழப்பம் எல்லாம்.

விமர்சகன் தராசில் நான் வைக்கிற முதல் கேள்வி, ஆட்டம் யாருக்காக என்பது. மீட்கப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் ஆண்டு விழா மேடையில் ஆடவைத்து, நன்கொடையாளர்களை முதல் வரிசையில் உட்காரவைப்பது இன்று சகஜம். சேஸும் நோயாளிகளைக் கொண்டு நிகழ்ச்சிகள் நடத்தியதுண்டு. மேடை ஏறுவதே சிலருக்குத் தெம்பு தரலாம். ஆனால் ஆடமாட்டேன் என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கிறதா? இருந்தால் அது சிகிச்சையாகவும் இருக்கலாம், கலையாகவும் இருக்கலாம். இல்லாவிட்டால், எத்தனை கைதட்டல் கிடைத்தாலும், பூசாரியின் பிரம்பு வேறொரு கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.