தோலின் உறுதியை அளக்கும் முறைகள்: ஒரு மதிப்பீடு

பதனிட்ட தோல், வார்த்தெடுத்த பிளாஸ்டிக்கைப் போல ஒரே சீரான பொருள் அன்று. மாட்டின் முதுகெலும்பை ஒட்டிய பின்பகுதியில் கொலாஜன் நார்க்கற்றைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. வயிற்றுப் பகுதியில் அதே நார்கள் தளர்ந்து தட்டையாகப் படுத்திருக்கின்றன. கழுத்துப் பகுதி தடித்தும் சுருக்கம் விழுந்தும் இருக்கும். முதுகெலும்புக்கு இணையாக வெட்டிய துண்டும் குறுக்காக வெட்டிய துண்டும் ஒரே அளவு இழுவையைத் தாங்குவதில்லை. தோலின் தரத்தை அளக்கும் எந்த முறையும் இந்தச் சீரின்மையை எப்படிச் சமாளிக்கிறது என்பதே அதை எடைபோட ஏற்ற அளவுகோல்.

பன்னாட்டுத் தரநிலைகள் இதற்குக் கண்ட வழி, இடத்தை நிலைப்படுத்துவது. மாதிரித் துண்டுகளைத் தோலின் எந்தப் பகுதியிலிருந்து வெட்ட வேண்டும் என்று ஐஎஸ்ஓ 2418 வரையறுக்கிறது. முழுத்தோலில் அந்த இடம் முதுகெலும்புக்கு அருகே, வாலடிப் பக்கம் அமைகிறது. சென்னையில் சோதித்த தோலின் எண்ணை இத்தாலியில் சோதித்த தோலின் எண்ணோடு ஒப்பிட முடிவது இந்த ஏற்பாட்டால்தான். இதன் விலையும் சிறிதன்று. வரையறுத்த இடம் தோலின் நல்ல இடம். காலணித் தொழிற்சாலையில் வெட்டுபவர் தோலின் வயிற்றுப் பகுதியிலிருந்தும் துண்டுகளை எடுக்கிறார். அறிக்கையில் உள்ள எண் அந்தத் துண்டுகளைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்வதில்லை.

ஆய்வகத்துக்கு வருமுன்பே தோல் பல சோதனைகளைக் கடந்து வருகிறது. டேனரிகளில், தோல்களைச் சுழற்றிப் பதனிடும் டிரம்மின் அருகே நடக்கும் இந்தச் சோதனைகளுக்குக் கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு கூரிய கத்தியும் இரண்டு சொட்டு மருந்துக் குப்பிகளும் போதும். சுண்ணாம்பு நீக்கம் முடியும் தறுவாயில் தோலின் தடித்த பகுதியில் ஒரு வெட்டுப் போட்டு, வெட்டுவாயில் பினாப்தலீன் சொட்டு விடுகிறார்கள். சுண்ணாம்பு தங்கியிருக்கும் இடம் சிவக்கிறது. நிறம் ஏறாவிட்டால் நீங்கிவிட்டது என்று பொருள். மென்மையான தோலுக்குக் குறுக்குவெட்டு முழுதும் நிறமற்றிருக்க வேண்டும். சற்று விறைப்பு வேண்டிய தோலில் நடுவே ஒரு மெல்லிய சிவப்புக் கோட்டை விட்டுவைப்பதும் உண்டு. அடுத்து உப்பும் அமிலமும் சேர்ந்த பிக்கிள் கரைசலில் ஊறிய தோலை வெட்டி புரோமோகிரசால் கிரீன் விட்டால், அமிலம் நடுவரை சென்றிருந்தால் வெட்டுவாய் முழுதும் மஞ்சளாகத் தெரியும். நடுவில் நீலமோ அடர்பச்சையோ இருந்தால் அமிலம் உள்ளே எட்டவில்லை. அந்த நிலையில் குரோம் சேர்த்தால் அது மேற்பரப்பிலேயே பிடித்துக்கொள்ளும். நடுப்பகுதி பதனாகாமல் நிற்கும்.

குரோம் பதனிடல் முடிந்ததும் கொதிநீர்ச் சோதனை. ஈரமான நீலத் தோலில், அதாவது வெட் ப்ளூவில், ஒரு துண்டை வெட்டித் தாளில் வைத்து ஓரம் வரைந்துகொண்டு, கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, மறுபடி அதே வரைகோட்டின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். பச்சைத்தோலின் கொலாஜன் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே சுருங்கிவிடும். தாவரப் பட்டைகளில் பதனிட்டது ஏறத்தாழ 70 முதல் 85 டிகிரி வரை தாங்கும். குரோம் சரியாகப் பிணைந்த தோல் கொதிநீரிலும் சுருங்காது. பதனிடல் நடந்திருக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு இத்தனை மலிவாக, இத்தனை விரைவாக, கல்லாதவரும் காணும்படி விடை தரும் வேறொரு சோதனை இத்தொழிலில் இல்லை.

ஆனால் கொதிநீருக்கும் எல்லை உண்டு. சோதனையில் தேறிய தோல் 101 டிகிரியில் சுருங்குமா 115 டிகிரியில் சுருங்குமா என்பதை அது சொல்லாது. அடிப்பாகத்தை வெப்பத்தில் வார்த்து ஒட்டும் காலணிகளுக்கு இந்த வேறுபாடு முக்கியம். கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் அமைந்த அடிஸ் அபாபாவில் நீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அங்கே தேறிய துண்டு சென்னையில் தோற்கலாம். மெதுவாகச் சூடேற்றும் நீரில் தோல் துண்டைத் தொங்கவிட்டு, அது சுருங்கத் தொடங்கும் வெப்பநிலையைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3380 முறை இந்தக் குறையின் ஒரு பகுதியைத் தீர்க்கிறது.

இந்த டிரம்மடிச் சோதனைகளின் பெருங்குறை வேறிடத்தில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான தோல்கள் சுழலும் டிரம்மிலிருந்து ஒன்றோ இரண்டோ தோலைத்தான் வெட்டிப் பார்க்கிறார்கள். மருந்து மிக மெதுவாக ஊடுருவும் தடித்த கழுத்தில் பார்ப்பதற்குப் பதில் கைக்கு எட்டிய ஓரத்தில் வெட்டினால் விடை பொய்யாகிறது. நிறத்தைக் கண்ணால் பார்த்து, சரி என்று சொல்லி, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். எந்த நேரத்தில் எந்த நிறம் இருந்தது என்று எழுதி வைக்கும் வழக்கம் இல்லாத இடங்களில், தவறு நடந்த படியைப் பின்னால் யாராலும் காட்ட முடிவதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஒரு தோல் ஒரே கூரையின் கீழ் முழுமை பெறுவது கட்டாயமில்லை. வெட் ப்ளூ ஓரிடத்திலும் மீள்பதனிடலும் சாயமும் வேறோரிடத்திலும் ஜாப் ஒர்க்காக நடப்பது அங்கே வழக்கம். கை மாறும்போது தோலோடு அதன் வரலாறு எழுத்தில் வராவிட்டால், கடைசியில் வரும் ஆய்வக அறிக்கை குற்றத்தைச் சுட்டுமே தவிரக் காரணத்தைச் சுட்டாது.

ஆய்வகத்தின் பங்கு தோல் உலர்ந்து, எண்ணெயூட்டப்பட்டு, பெரும்பாலும் மேற்பூச்சும் பெற்ற பிறகுதான் தொடங்குகிறது. நார்களுக்கிடையே எண்ணெய் சென்று அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும்வரை இழுவலிமை, கிழிவு வலிமை என்ற அளவுகளுக்குப் பொருள் இல்லை. தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால், துண்டுகளை முதலில் 23 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும், அல்லது 20 டிகிரியும் 65 சதவீதமும் உள்ள அறையில் ஒரு நாள் அளவுக்கு வைத்திருந்து பிறகே சோதிக்க வேண்டும். குளிர்சாதனம் இல்லாத கூடத்தில் மழைக்காலத்தில் எடுத்த எண்ணும் கோடையில் எடுத்த எண்ணும் ஒத்துப்போகாததற்குத் தோலைக் குறை சொல்ல முடியாது.

இழுவலிமைச் சோதனையே வாங்குவோர் முதலில் கேட்பது. டம்பெல் வடிவில் வெட்டிய துண்டை இயந்திரம் நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் இழுக்கிறது. அறுபடும் விசையை அகலம், தடிமன் இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் வலிமை கிடைக்கும். கணக்கு எளிது, சிக்கல் தடிமனில் இருக்கிறது. மென்மையான தோலை அழுத்தினால் அது தணியும். ஆகவே அளவுமானியின் பாதம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 500 கிராம் அழுத்தம் தந்து, ஐந்து நொடி கழித்து எண்ணைப் படிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இந்த விதியை மீறிய அளவு ஒரு மில்லிமீட்டர் தோலில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே வலிமையும் அதே அளவு பிசகிவிடும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. மேல்புறக் கிரெயின் அடுக்கின் நார்கள் நுண்ணியவை, வலுவற்றவை. தோலின் பலம் அதற்குக் கீழே உள்ள தடித்த நார்ப் பின்னலில்தான் இருக்கிறது. நான்கு மில்லிமீட்டர் மாட்டுத்தோலைப் பிளந்து, வழித்து, ஒரு மில்லிமீட்டராக்கும்போது எஞ்சுவதில் கிரெயின் பங்கு மிகுந்துவிடுகிறது. இயல்பிலேயே ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆட்டுத்தோலில் முழுப் பின்னலும் அப்படியே இருக்கிறது. ஒரே தடிமன், ஒரே கணக்கு, ஆனால் இரண்டும் ஒரே பொருளல்ல. பரப்புக்கு இவ்வளவு விசை என்ற எண் இந்த உண்மையை மறைத்துவிடுகிறது. வலிமையை மட்டும் பார்த்து இரு வகைத் தோல்களை ஒப்பிடும் வழக்கம் பிழையானது.

காலணியும் பையும் உண்மையில் கெடும் விதத்துக்கு நெருக்கமானது கிழிவுச் சோதனை. துளையிட்ட துண்டில் இரு கொக்கிகளை மாட்டி எதிரெதிராக இழுத்து, கிழிய வேண்டிய உச்ச விசையை ஐஎஸ்ஓ 3377 முறையில் நியூட்டனில் சொல்கிறார்கள். தையல் ஓட்டையிலிருந்து பிளவு ஓடுவதும், பொத்தான் துளை நீள்வதும் இந்த வகைச் சேதம்தான். எண்ணெயூட்டல் குறைந்ததும், அமிலம் நார்களைத் தின்றதும், உலர்த்தும்போது சூடு மிகுந்ததும் இழுவலிமையைவிடக் கிழிவு வலிமையில் தெளிவாகத் தெரியும். ஒரே ஒரு இயந்திரச் சோதனைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது இதுவாக இருப்பது நல்லது.

லாஸ்டோமீட்டர் இன்னொரு வகையில் பயன்பாட்டோடு ஒட்டியது. பிரிட்டனின் காலணி ஆய்வு அமைப்பான சாட்ரா உருவாக்கிய இக்கருவியில், வட்டமாகப் பிடித்த தோலின் உட்புறத்திலிருந்து ஒரு சிறு எஃகு உருண்டை மேலே தள்ளுகிறது. கிரெயின் விரிசல் விடும்போது தோல் எத்தனை மில்லிமீட்டர் புடைத்திருக்கிறது என்பது அளவு. காலணி மேல்தோலுக்குப் பொதுவாகக் கேட்பது குறைந்தது 7 மில்லிமீட்டர். அச்சில் இழுத்துப் பூட்டும்போது காலணியின் மூக்குப் பகுதி படும் பாட்டை இது நன்றாகவே நடித்துக் காட்டுகிறது. வேறுபாடு ஒன்று: தொழிற்சாலையில் அந்த மூக்குப் பகுதியை ஆவியிலோ ஈரத்திலோ பதப்படுத்தி இழுக்கிறார்கள், ஆய்வகத்தில் உலர்ந்த துண்டு பரிசோதிக்கப்படுகிறது. ஆகவே இங்கே தோற்ற தோல் அங்கே தப்பிப்பதும் உண்டு.

வளைவுச் சோதனைக்கு நேரமே பகை. நிமிடத்துக்கு 100 முறை மடக்கும் பாலி கருவியில் ஒரு லட்சம் மடிப்பு முடிய ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். முடிவை உருப்பெருக்கியால் பார்த்து மனிதரே சொல்கிறார். இவ்வளவு நேரம் காத்திருந்து பெறும் விடை சரக்கு ஏற்றுமதியாகும் நேரத்தில்தான் கையில் வருகிறது. இதே தோலின் கிரெயினை உள்பக்கமாக மடித்து, விரலடியில் எழும் சுருக்கங்கள் நுண்ணியவையா பெரியவையா என்று பார்க்கும் அனுபவமிக்க தரம்பிரிப்பவர், கிரெயின் கீழடுக்கிலிருந்து விலகியிருப்பதை அரை நிமிடத்தில் கண்டுகொள்கிறார். அவர் ஒவ்வொரு தோலையும் தொடுகிறார். ஆய்வகம் சில தோல்களை மட்டும் அழித்துப் பார்க்கிறது. அவருடைய கண்டுபிடிப்பை எண்ணாக எழுத முடியாதது மட்டுமே அவர் பக்கத்துக் குறை. அழிக்காமல் சோதிக்கும் வழிகளையும் ஆராய்ச்சி தொட்டிருக்கிறது: அமெரிக்க வேளாண் துறையின் விண்ட்மூர் மையம், தோலை இழுக்கும்போது நார்கள் எழுப்பும் நுண்ணொலியைக் கேட்டு வலிமையை மதிப்பிட முயன்றது.

எந்த இயந்திரச் சோதனையும் தோலின் முதல் நாள் நிலையைத்தான் சொல்கிறது. இதன் ஆபத்தைப் புத்தகம் கட்டும் தோலில் உலகம் கண்டது. பிரிட்டன் நூலகங்களில் புத்தகங்களின் தோலட்டைகள் சிவந்து தூளாகக் கொட்டுவதை ஆராய லண்டன் கலைச் சங்கம் 1900-இல் ஒரு குழு அமைத்தது. அதன் அறிக்கை 1905-இல் வெளிவந்தது. சாயமேற்றும்போது பயன்படுத்திய கந்தக அமிலத்தை அது குற்றவாளியாகக் கண்டது. பெர்சியன் என்ற பெயரில் அங்கே விற்ற கிழக்கிந்திய ஆட்டுத் தோல்களைப் புத்தகக் கட்டுக்கு மிக மோசமானவை என்று தள்ளியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்கள் அவை. பல வேலைகளுக்கு அவை ஏற்றவை என்று அதே அறிக்கை ஒப்புக்கொண்டதையும் மறக்கக் கூடாது. வந்த அன்று இழுத்துப் பார்த்தால் குறை காணமுடியாத தோல் பத்து ஆண்டு முடிவதற்குள் கெட்டது. இழுவலிமை அதை முன்கூட்டிக் காட்டியிருக்காது.

அதே பாடம் இன்று குரோமியத்தில் திரும்பி வருகிறது. உடலில் படும் தோல்பொருள்களில் ஆறிணைதிற குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் விதித்தது. பதனிடுவது மூவிணைதிறக் குரோமியத்தில்தான். நிறைவுறாத கொழுப்புள்ள எண்ணெய், மிகையான நடுநிலையாக்கல், வெயில், வறண்ட சூடு இவற்றால் பின்னால் அது ஆறிணைதிறமாக மாறுகிறது. ஆகவே புதுத் தோல் தேறி, கிடங்கில் கிடந்த தோல் தோற்பது நடக்கக்கூடியது. இதற்காகவே தோலை 80 டிகிரியில் 24 மணி நேரம் முதுமைப்படுத்தி அளக்கும் முறை வந்தது. சோதனை முறைக்குள் காலத்தைக் கொண்டுவந்த இந்த மாற்றம் சரியான திசையில் உள்ளது. ஆனால் இங்கும் நோய் பிறக்கும் இடம் டிரம்; எந்த எண்ணெயை ஊற்றினார்கள், நடுநிலையாக்கலை எந்தப் பிஎச் அளவில் நிறுத்தினார்கள் என்பதில் அது முடிவாகிவிடுகிறது.

அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களின் ஆய்வக முத்திரை வணிகத்துக்குத் தேவை. அது இல்லாமல் இரு நாட்டு வணிகர்கள் ஒரே மொழி பேச முடியாது. அந்த முத்திரையை மட்டும் தரத்தின் சான்றாகக் கொள்வதுதான் இன்றைய நடைமுறையின் பிழை. தோலின் குணம் உருவாகும் படிகளில் சொட்டு மருந்து காட்டிய நிறம், கொதிநீர் காட்டிய சுருக்கம், நடுநிலையாக்கலின் பிஎச், எண்ணெயின் பெயர், இவை தேதியோடு எழுதிய ஒரு பக்கம் ஒவ்வொரு டிரம்முக்கும் இருக்க வேண்டும். வாங்குவோர் ஆய்வக அறிக்கையைக் கேட்கும்போது அந்தப் பக்கத்தின் நகலையும் சேர்த்துக் கேட்கட்டும்.